இரண்டு ராஜ்யக் கோப்பை

மூன்றாம் முறை படித்தபோதும் தந்தியில் வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.

'டோர்னமெண்ட் ரத்து. வர இயலாது. மன்னிக்கவும். தங்கவயல் கிளப்.'

ஐசக் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் குமாஸ்தா. டேனரி ஆட்கள் ஆடும் கால்பந்துக் கிளப்புக்கும் அவரே காரியதரிசி. அந்த நாளில் ஜோலார்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ரயிலில் போனாலே மைசூர் ராஜ்யம் வந்துவிடும். வேறு ராஜா, வேறு கொடி, வேறு போலீஸ் தொப்பி. அங்கே கோலார் தங்கவயலிலிருந்து ஒரு கிளப் வந்தால் அது சர்வதேசப் போட்டிதானே? அப்படித்தான் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தார். டோர்னமெண்டில் மொத்தமே இரண்டு கிளப்புகள் என்பதை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருந்தார்.

போட்டி நின்றால்கூடப் பரவாயில்லை. ஆனால் முதலாளி இஷ்தியாக் அகமது சாயபு அதற்காகச் சனிக்கிழமை அரைநாள் லீவு விட்டிருந்தார். பண்டிகை தவிர, பகலில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியை விட்டு யாரும் மேலே ஏறியதில்லை. அந்த டேனரியின் முதல் லீவு அது.

"வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கன்னுதான் வுடறேன் ஐசக். வரலேன்னா, இனிமே லீவுன்ற பேச்சே என் காதுல வுழக்கூடாது" என்று சாயபு அப்போதே சொல்லியிருந்தார்.

முந்நூறு பேரின் அரைநாள், தந்தியோடு சேர்ந்து ஐசக்கின் சட்டைப்பையில் கனத்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறினார். அங்கே ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேனாக இருந்த அந்தோணி அவருக்குத் தோஸ்த். ஓய்வு நேரத்தில் பந்தாடும் கூட்டமும் அவனிடம் உண்டு.

"எங்களை கோலார் ஆளுங்கன்னு சொல்லப்போறீங்களா? ஆம்பூர்லயா?" என்று அந்தோணி இரண்டு தடவை கேட்டான்.

"ஆமாம்பா. நீதான் என் மானத்தைக் காப்பாத்தணும்."

அங்கிருந்த ஆட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோல்கீப்பர் ஏசுராஜ் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஆட்டத்துக்கு ஒரே மாதிரி சட்டை வேணுமே?" என்றார் ஐசக்.

"அத்த எங்க கிட்ட வுட்டுடுண்ணே. மஞ்ச சட்டை பதினொண்ணு கொண்டாந்துடறோம்" என்றான் அந்தோணி.

மறுபேச்சில்லாமல் இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? ஐசக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை மைதானம் கொள்ளவில்லை. பதினொரு மஞ்சள் சட்டைக்காரர்களும் வரிசையாக நின்றதைப் பார்த்துச் சாயபுவுக்கு உற்சாகம் பொங்கியது.

"வேற ராஜ்யத்துக்காரங்க. அவங்க பாஷையிலதான் வரவேற்கணும். பெருமாளு, நீ பெங்களூருக்கு வண்டி ஓட்டினவனாச்சே. கன்னடத்துல நாலு வார்த்தை பேசு!"

வண்டிக்காரப் பெருமாள் நாலு வார்த்தையோடு நிறுத்தவில்லை. முடித்துவிட்டுப் பதிலுக்காக அந்தோணியைப் பார்த்தான். அந்தோணி ஐசக்கைப் பார்த்தான்.

"அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு முதலாளி" என்றார் ஐசக்.

"அப்ப பக்கத்துல நிக்கிறவரு பேசட்டும்."

"அவருக்கும் கட்டிக்கிச்சு. எல்லாருக்குமே. ரயில் பொகை ஜாஸ்தி முதலாளி."

"அடப் பாவமே! மிளகுக் கஷாயம் போடச் சொல்லு. பெரிய அண்டாவுல!"

பதினொரு பேரும் ஆளுக்கொரு லோட்டாக் கஷாயம் குடித்தார்கள். கடைசிச் சொட்டுவரை சாயபு பக்கத்திலேயே நின்றார்.

தொண்டை கட்டியவர்கள் பந்தைக் கேட்டுக் கத்தவும் முடியாதே. மஞ்சள் சட்டைகள் கையை ஆட்டி, தலையை ஆட்டி, ஊமைகளாக ஆடின. ஐசக் மூச்சுவிட்ட நேரம் பார்த்து, ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் வேர்க்கடலை விற்கும் பூவம்மாள் கூடையோடு கோட்டோரம் வந்து நின்றாள்.

"ஏம்பா, அது நம்ம பயர்மேன் அந்தோணி இல்ல?"

"இல்லம்மா. அவரு தம்பி. கோலார்ல இருக்காரு" என்றார் ஐசக் அவசரமாக.

"அவங்கம்மாவுக்கு ஒத்தப் புள்ளையாச்சே. ஏது தம்பி?"

"சித்தப்பா மவன்."

"அப்டியா! அந்தோணியோட அம்மா கால் வலியில படுத்துனுகீது. உன் பெரியம்மாவை வந்து ஒரு தபா பாக்கக்கூடாதாடா?" என்று மைதானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள் பூவம்மாள். சொந்த அம்மாவைச் சாயங்காலமே போய்ப் பார்ப்பதாக அந்தோணி மார்பில் கைவைத்துச் சைகை செய்தான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் அந்தோணி கோல் போட்டான். போட்ட வேகத்தில் எல்லாம் மறந்துபோய், "போட்டேன் பாத்தியாடா!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

ஐசக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாத்தியா ஐசக், கஷாயம் வேலை செஞ்சுடுச்சு!" என்று சாயபு துள்ளினார். "தொண்டையும் தொறந்துடுச்சு, தமிழும் வந்துடுச்சு!"

ஆம்பூர் ஒரு கோலில் தோற்றது. யாருக்கும் வருத்தமில்லை. சாயபு கோப்பையை அந்தோணியிடம் கொடுத்துவிட்டு, வருஷா வருஷம் இந்தப் போட்டிக்கு அரைநாள் லீவு என்று அறிவித்தார். ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிய கைகள் தட்டின தட்டில் மரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. பெண்டாட்டி பிள்ளைகளோடு பட்டப்பகலில் புல்தரையில் உட்கார்ந்து கடலை தின்ற அந்த முந்நூறு பேரை ஐசக் ஆசை தீரப் பார்த்தார். அப்படி ஒரு சனிக்கிழமை அவர் ஆயுசில் அதுவரை வந்ததில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகள் நடந்தன. ஆனால் ஊரில் வயதானவர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தது அந்த ஊமை ஆட்டத்தைத்தான்.

சாயங்கால ரயிலில் அவர்களை ஏற்றிவிட்டபோதுதான் ஐசக்குக்கு அடுத்த கவலை பிடித்தது.

"அந்தோணி, வருஷா வருஷம்னு முதலாளி சொல்லிட்டாரே! அடுத்த வருஷம் நெஜமான கோலார் டீம் வந்து எறங்கினா, என் கதி இன்னாப்பா ஆவறது?"

அந்தோணி தலையைச் சொறிந்தான். ரயில் நகர்ந்தது. கோல்கீப்பர் ஏசுராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"நெஜமான கோலார் டீமே நாங்கதாண்ணே! அங்க ஆள் பத்தாம வாரா வாரம் எங்களைத்தான் கூட்டினு போறாங்க. கோலார் பேர்ல ஆம்பூருக்கு வந்தா ஜோலார்பேட்டை ஆளுங்கன்னு கண்டுபிடிச்சுடுவீங்கன்னு பயந்துதானே தந்தி அடிச்சோம்!"