நிலைக்குத்து அணுகுகோட்டுக்குப் பதில் கடமை

மலையகக் கல்வி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய காரியங்களெல்லாம் வெள்ளைச் சோக்கினாலேயே நடந்திருக்கின்றன. றொசல்லைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு தொடங்கியதும் அப்படித்தான். பெயர்ப்பலகை இருந்தது. திறப்புவிழா நடந்தது. மாணவர் தொகை ஒன்று; அந்த ஒன்றின் பெயர் சுலக்ஷனா. ஆசிரியர் மட்டும் இரண்டு வருடமாக ‘வந்துகொண்டிருந்தார்’. அவள் பழைய வினாத்தாள்களை வைத்துத் தானே படித்துக்கொண்டாள்.

அதிபர் ஜீவராஜின் பதினோராவது கடிதம் பலித்து, கல்வி அதிகாரி பேரின்பநாயகம் பரிசோதனைக்கு வந்தார். அவர் திருப்திப்பட்டால் ஆசிரியர் கிடைப்பார் என்று அதிபர் சொல்லிவைத்திருந்தார். சுலக்ஷனா சோக்கை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள்.

f(x) = 1/(x − 2) என்று பலகையில் எழுதினாள். x இடப்பக்கமிருந்து இரண்டை நெருங்க நெருங்க, சார்பு அடியில்லாமல் இறங்கியது: x → 2⁻, f(x) → −∞. வலப்பக்கமிருந்து நெருங்கினால் முடிவில்லாமல் ஏறியது: x → 2⁺, f(x) → +∞. நடுவே x = 2 என்று நிலைக்குத்தாக ஒரு புள்ளிக்கோடு; வரைபு அதை நெருங்குமே தவிர ஒருநாளும் தொடாது. அதுதான் அணுகுகோடு. கடைசியாக, f(2) என்று எழுதி எதிரே ‘இல்லை’ என்று போட்டாள்.

அரசாங்கப் பலகையில் ‘இல்லை’ என்று எழுத மாணவிக்கு அதிகாரம் உண்டா என்று அதிகாரி அதிபரிடம் விசாரித்தார். ஓய்வறையில் அவசரக் கூட்டம் நடந்தது. வடை முடிந்ததும் தீர்மானம் பிறந்தது; அதிகாரியே வந்து அறிவித்தார்.

“பிள்ளை, பதில் இல்லாட்டி, ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் போடுற மாதிரி, பதில் கடமைக்கு ஏதாவது ஒண்டைப் போடும். பூச்சியம் சும்மாதானே இருக்குது.”

அதிபர் கண்ணாலேயே கெஞ்சினார். சுலக்ஷனா சோக்கைக் கீழே வைத்தாள்.

“போட ஏலாதுங்க சார். எவ்வளவு கிட்ட வந்தாலும் அந்த எடத்துல ஒண்ணும் இல்லீங்க.”

“உமக்கு ஆர் படிப்பிச்சது?”

“யாருமில்லீங்க.”

அதிகாரி அகமகிழ்ந்தார். மாணவி தானே கற்குமளவுக்கு முன்னேறிவிட்டதால் ஆசிரியர் அவசியமில்லை என்று அறிக்கை எழுதினார். ஒன்பதாம் ஆண்டு வகுப்புக்கும் கணித ஆசிரியர் இல்லையென்பதால், அவளையே அங்கே பதில் கடமைக்கு அமர்த்தினார்.

சுலக்ஷனா தன் வகுப்பு நேரத்திலும் அந்த நாற்பது பிள்ளைகளுக்கே தினமும் படிப்பித்தாள். நன்றாகவே படிப்பித்தாள். பள்ளித் தவணை முடிவில் கடிதம் வந்தது: “உயர்தரக் கணித வகுப்பில் மாணவர் வரவு பூச்சியம். ஆர்வமின்மை காரணமாகப் பிரிவு மூடப்படுகிறது. பிரதி: செல்வி சுலக்ஷனா, கணித ஆசிரியை.”