லேபல் ஒட்டிய சாவி

சாமி படத்துக்கு முன்னால் விளக்கு இருந்தது, விபூதி இருந்தது. கார் சாவி மட்டும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. சுகுமாறன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து மாதமாக, காரை நிறுத்திவிட்டு ஐந்து மாடி ஏறி வந்ததும் சாவியை அங்கேதான் வைப்பார். கும்பிடுவார். பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பார். இருபத்தாறு வருடம் மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் போன மனிதர். ஐம்பத்து நான்காவது வயதில் வாங்கிய முதல் கார். சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

"கஸ்தூரி, சாவிய பாத்தியா?"

"நேத்து வந்த கூட்டத்துல என் தலையே எங்க இருக்குன்னு தெரியல. சாவிக்கு எங்க போவேன்?" என்றாள் மனைவி.

முந்தின நாள் மூவாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மகள் லோஷினிக்குப் பரிசத் தேதி குறித்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஏழு தட்டு; திருப்பிக் கொடுக்க ஒன்பது வேண்டும் என்று கஸ்தூரி பிடிவாதமாக இருந்தாள். தட்டு போதாமல் கடைசி நேரத்தில் எங்கிருந்தோ ஒன்றை இழுத்து வந்து வெற்றிலையை அடுக்கினாள். ஒன்பதையும் சுகுமாறனே இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "எங்களால முடிஞ்சது, சந்தோஷமா ஏத்துக்கணும்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னார்.

"வந்தவங்கள்ல யாராச்சும்..." என்று இழுத்தாள் கஸ்தூரி.

"சம்பந்தி வீட்ட அப்படிப் பேசாத."

மாற்றுச் சாவி ஒன்று பீரோவில் இருந்தது. அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு விஜயனிடம் சொன்னார். விஜயன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர்; அவர்கள் குடியிருந்த பெர்மாஸ் ஜெயாவில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது.

"தொலைஞ்ச சாவியில ஏதும் அடையாளம் இருந்துச்சாண்ணே?"

"லேபல் ஒட்டியிருந்தேன்."

சுகுமாறன் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்ப்பவர். லேபல் அச்சடிக்கும் மெஷின் அவர் மேசையில்தான் இருக்கிறது. வீட்டில் உப்பு டப்பாவுக்கும் லேபல் உண்டு.

"என்ன எழுதியிருந்தீங்க?"

"கார் நம்பர். என் பேரு. சி பிளாக், கார் நிறுத்துற கட்டம் இருபத்து மூணு. எடுத்தவங்க கொண்டாந்து கொடுக்கலாம்ல?"

விஜயன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அலமாக்! கள்ளனுக்குச் சாவியும் கொடுத்து வழியும் சொல்லி இருக்கீங்க."

அன்று மாலையே சுகுமாறன் ஹார்டுவேர் கடையில் ஸ்டியரிங் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினார். அந்தப் பூட்டின் சாவியை யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்து வைத்தார். தாம் அதில் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை. காரை எடுக்காமல் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவரைக் குடியிருப்பு வாசலிலேயே நிறுத்தினார் ஜாகா மகேஸ்வரன். முன்பு தோட்டத்தில் இருந்தவர். இப்போது அந்தக் குடியிருப்பின் ஜாகா, காவல்காரர்.

"அண்ணே, உங்க காருகிட்ட ஒரு பையன் வந்தான்."

"என்ன பண்ணான்?"

"தூரத்துல நின்னு சாவிய அமுக்குனான். லைட்டு ரெண்டும் மின்னுச்சு. சுத்திச் சுத்திப் பாத்தான், போட்டோ எடுத்தான்."

சுகுமாறன் கார் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்புறம்?"

"பானட்டத் தொட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டுப் போயிட்டான். நல்ல பையனாதாண்ணே தெரிஞ்சான். டக்-இன் பண்ணியிருந்தான்."

விஜயனிடம் இதைச் சொன்னபோது அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "தொழில்ல பக்தி உள்ளவன். இவன் சும்மா விட மாட்டாண்ணே. பேட்டரிய கழட்டுங்க."

புதன்கிழமை சுகுமாறன் லீவு போட்டார். பேட்டரியைக் கழற்றி ஐந்தாவது மாடிக்குத் தூக்கி வந்து சமையலறையில் வைத்தார். 'பேட்டரி' என்று லேபலும் ஒட்டினார்.

"அரிசி மூட்டை வைக்கிற எடம் அது" என்றாள் கஸ்தூரி.

சாயங்காலம் விஜயன் வந்து பார்த்தார். "நல்லது. ஆனா இப்ப அலாரமும் அடிக்காது."

சுகுமாறன் பேட்டரி லேபலின் ஓரத்தை அழுத்தி ஒட்டினார்.

அப்போது மூவாரிலிருந்து சம்பந்தியம்மா ராஜம்மா கூப்பிட்டார். "நீங்க செஞ்சதுக்கு நாங்க என்ன சொல்றதுன்னே தெரியல சம்பந்தி. இங்க எல்லாரும் அதையேதான் பேசுறாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்றார் சுகுமாறன். போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். "உன் வடையத்தான் சொல்றாங்க."

அடுத்துப் போனில் மாப்பிள்ளை யுகேந்திரன். பரிசம் முடியும்வரை பெண் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் ஜொகூர் பாருவில் வேலை பார்த்தும் வீட்டுக்கு வருவதில்லை.

"மாமா, காரு நல்லா இருக்குங்களா?"

"இருக்கு மாப்பிள்ளை."

"ஆயில் எத்தன கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துறீங்க?"

அதற்கும் பதில் சொன்னார். போனை வைத்தபோது அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. இந்தக் காலத்தில் மாமனாரின் காரைப் பற்றி எந்தப் பையன் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறான்?

வியாழக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு கீழே போய், முன் சக்கரம் ஒன்றைக் கழற்றினார். இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். சக்கரம் வரவேற்பறையில், பரிசத்துக்கு வாங்கிய பட்டுப்புடவைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை குடியிருப்பாளர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தொப்பி போட்ட ஆள் ஒருவன் குனிந்து கார்ச் சக்கரத்தைக் கழற்றுகிறான். முதுகுதான் தெரிகிறது. கீழே: 'சி பிளாக்கில் டயர் திருடன். எல்லாரும் கவனம்.'

சுகுமாறன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முதுகைப் பாத்தாலே திருட்டுப் பய முதுகு" என்றார். உடனே கீழே இறங்கிப் போய் இரண்டாவது சக்கரத்தையும் கழற்றினார்.

உருட்டிக்கொண்டு உள்ளே வந்தவரிடம் லோஷினி போனைக் காட்டினாள். "அப்பா, இது நீங்கதான்."

சுகுமாறன் மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தொப்பியப் பாருங்கப்பா. உங்க கம்பெனி தொப்பி. லேபல்கூட ஒட்டியிருக்கு."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை லோஷினியே ஒரு கார்ப் பட்டறைக்குப் போன் போட்டாள். பழைய சாவி வேலை செய்யாதபடி ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்றார் பட்டறைக்காரர்.

"அவ்ளோதானா? இத மொதல் நாளே செஞ்சிருக்கலாமே" என்றாள் கஸ்தூரி.

"கார மட்டும் இங்க ஓட்டிட்டு வந்துருங்க" என்றது போன்.

காருக்குச் சக்கரம் இரண்டு குறைந்தது. அதை மாட்டிவிடலாம். பேட்டரியையும் இறக்கிவிடலாம். ஸ்டியரிங் பூட்டின் சாவியைத்தான் காணவில்லை. அதை ஒளித்து வைத்தவர் பகல் முழுவதும் தேடினார். அது ஒன்றுக்கு மட்டும் லேபல் ஒட்டியிருக்கவில்லை.

"திருடனால எடுக்க முடியாதுல்ல?" என்று மாலையில் கேட்டார்.

"யாராலயும் முடியாதுண்ணே" என்றார் விஜயன்.

ஆறு நாளில் முதல்முறையாகச் சுகுமாறன் வயிறாரச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பரிசத்துக்கு விஜயனின் பள்ளிக்கூட வேனில் போனார்கள். பட்டுப்புடவைகள் சின்னப் பிள்ளைகளின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தன. மூவாரில் இறங்கியபோது வாசலில் பெருங்கூட்டம். வீட்டின் முன்புறத்தில் புதிதாகச் சிமெண்டு போட்டுக் கூரை இறக்கியிருந்தார்கள். அதற்கு மாலைகூடக் கட்டியிருந்தது.

ராஜம்மா வேனைப் பார்த்தார். வேனுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். "காரு வரலீங்களா சம்பந்தி?"

"இல்லீங்க. வீட்ல பத்திரமா இருக்கு."

"பத்திரமாவா?"

"யாரும் கைவைக்க முடியாது. நான் பொறுப்பு."

ராஜம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்" என்று சொல்லி அவரைக் கூட்டத்தின் நடுவே முதல் நாற்காலியில் உட்கார வைத்தார். யார் யாரோ வந்து கைகுலுக்கினார்கள். வடைக்கு இவ்வளவு மரியாதையா என்று சுகுமாறன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கஸ்தூரி பெருமையாகப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா காளியம்மா ஒரு சின்ன வெள்ளித் தட்டோடு எழுந்து வந்தார். அந்தத் தட்டை எங்கோ பார்த்ததுபோல் சுகுமாறனுக்கு இருந்தது. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால், அவர் சாவி வைக்கும் இடத்தில் இப்படித்தான் ஒன்று இருக்கும். பெரியம்மா தட்டை யுகேந்திரனிடம் நீட்டினார். டக்-இன் பண்ணியிருந்த மாப்பிள்ளை அதிலிருந்த எதையோ எடுத்து இரண்டு கண்ணிலும் ஒத்திக்கொண்டான். அதில் ஒரு லேபல் ஒட்டியிருந்தது. லேபலில் யாரோ மஞ்சள், குங்குமம் வைத்திருந்தார்கள்.

காளியம்மா கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார். "நாங்க வாய் விட்டுக் கேக்கவே இல்ல, வெத்தலைக்கு அடியில வெச்சு ரெண்டு கையால கொடுத்தாரு, பேரு, நம்பரு, எங்க வந்து எடுத்துக்கணும்னு எடங்கூட எழுதியிருக்காரு!"