மிக்ஸி அண்ணனும் மூணாம் ஸ்பீடு காற்றும்

கனகசெட்டிக்குளம் கடற்கரையில் அன்று மத்தியானம் இருந்தவர்கள்: நான், அண்ணி, கயிற்றில் கட்டியிருந்த ஒரு வெள்ளாடு. இருந்தும் இல்லாதவர்: மிக்ஸி அண்ணன். கூப்பிட்டும் வராதவர்: எதிர்வீட்டு சொல்தா. அவர் மட்டும் வந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதவே வேண்டியதில்லை, முத்தியால்பேட்டை முழுக்க நம்பியிருக்கும்.

காற்று பலமாக அடித்தால் உலகத்தில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடுகிற ஒரே மனிதர் மிக்ஸி அண்ணன். முத்தியால்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருடைய நிஜப்பெயர் கரண்ட் பில்லில் இருந்தது. அதை அவரே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிப்பார்.

அவர் தேடியது புயலை அல்ல. புயல் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. "அது மூணு நாள் முன்னாடியே டிவில சொல்லிட்டு வர்ற விருந்தாளி தம்பி. சுழல் காத்து அப்பிடி இல்ல. சொல்லாம வரும், சுருட்டிக்கிட்டுப் போயிடும். அதத்தான் புடிக்கணும்" என்பார். பிடித்து என்ன செய்வது என்று நானும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய பதினேழாவது வயது. கனகசெட்டிக்குளத்தில் ஒரு கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், பந்தியிலிருந்து கை கழுவ எழுந்து வந்தபோது, கடலிலிருந்து தண்ணீர் தூணாக எழும்பி மேகத்தைத் தொட்டதைப் பார்த்தாராம். திரும்பி ஓடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் தூணைக் காணோம். கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்குப் பந்தியில் இடமும் போயிற்று. அன்றைக்கு ஆரம்பித்தது சிரிப்பு. கல்யாணமான புதிதில் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணியும் சிரித்திருக்கிறார். மற்றவர்கள் சிரித்ததை அவர் மறந்துவிட்டார், அதை மட்டும் மறக்கவில்லை.

எதிர்வீட்டு சொல்தாவிடம் சொன்னதுதான் பெரிய தப்பு. சொல்தா என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; நேரில் மரியாதையாக 'மிசே' என்று கூப்பிடுவோம். மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற ஒருவர் சொல்வதைத் தெருவில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "நான் ஆப்பிரிக்காவுல மணல் காத்தே பார்த்தவன். கடல்லேந்து தண்ணி தானா மேல போவுமா? எங்க வூட்டு டேங்குக்கே மோட்டார் போட்டாதான் போவுது."

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் கல்லூரியில் பிசிக்ஸ் சேர்ந்தேன் என்றதும், தெருவில் ஃபேன் சுற்றாவிட்டால் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள், அப்புறம்தான் எலக்ட்ரீஷியனை. மிக்ஸி அண்ணன் என்னைக் கடைக்குள் உட்காரவைத்து, ஒரு ஜாரில் தண்ணீர் ஊற்றி, கேசரி பவுடர் போட்டு, மிக்ஸியை ஒன்றில் ஓட்டினார். நடுவில் குழி விழுந்து ஆரஞ்சு நிறத்தில் சுழன்றது.

"இதான் தம்பி சுழல் காத்து. உங்க பொஸ்தவத்துல இது இருக்கா?"

இருந்தது என்று சொன்னேன். மறுநாளிலிருந்து நான் அவருடைய அதிகாரப்பூர்வமான சாட்சி. "படிச்ச ஆளு ஒருத்தன் கூட நின்னு பார்த்தாப் போதும்" என்றார். அது ரிப்பேருக்கு வந்த ஜார் என்பதை மறந்து அவர் கழுவாமலே திருப்பிக் கொடுத்ததால், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஒரு வாரம் தேங்காய்ச் சட்னி ஆரஞ்சு நிறத்தில் வந்தது தனிக்கதை.

நான் எதையும் முறையாகச் செய்கிறவன். ஒரு நீள நோட்டு வாங்கி, இடது பக்கம் 'ஆபத்து', வலது பக்கம் 'ஆதாயம்' என்று தலைப்புப் போட்டுக்கொண்டேன். காற்றின் வேகத்துக்கு அவருடைய அளவைத்தான் எழுத வேண்டியிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, அதற்கு மேல் விப்பர். மிக்ஸியில் திருகுகிற அதே கணக்கு. கிலோமீட்டரில் எழுதலாமே என்றேன். கிலோமீட்டரில் யாராவது சட்னி அரைப்பார்களா என்று கேட்டார்.

அண்ணி அவரைச் சும்மா வெளியே விடமாட்டார். டெலிவரி என்றால்தான் அனுமதி. அதனால் எங்கள் ஒவ்வொரு வேட்டையிலும் மொபெட்டின் பின்னால் யாரோ ஒருவருடைய மிக்ஸி உட்கார்ந்திருக்கும். கோடையில் மூலக்குளம் பக்கம் புது மனைகள் போட்ட பொட்டலில் தென்னை உயரத்துக்குப் புழுதி சுழன்று எழும்பியது. மனிதர்கள் ஒதுங்குவார்கள். இவர் மொபெட்டை முறுக்கி நேராக உள்ளே விட்டார். வெளியே வரும்போது தலையில் சிமெண்ட் சாக்கு, உடம்பில் 'மனைகள் விற்பனைக்கு' என்ற ஃபிளெக்ஸ். இவரையே விற்கிறார்கள் போலிருந்தது. சட்டைப்பையிலிருந்த போன் பறந்து போய், ரோடு போடுகிற உருளை வண்டிக்கு முன்னால் விழுந்தது. மீதி வேலையை உருளை முடித்துவிட்டது. மிக்ஸிக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. கண்ணில் மண்ணோடு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணுல கூட ஒழுங்கா சுத்தல தம்பி."

அன்றைக்கு நோட்டில் ஆபத்துப் பக்கம் நிரம்பி வழிந்தது. ஆதாயப் பக்கத்தில் ஒரே வரி: 'டீ வாங்கித் தந்தார்.' போனுக்குப் பதிலாக அண்ணி ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, இதையும் காற்றுக்குக் கொடுத்தால் அடுத்தது நூலில் கட்டிய தீப்பெட்டிதான் என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழை தொடங்கியது. கடல் பக்கம் மேகம் கறுத்தால் அண்ணனுக்கு ஸ்க்ரூ டிரைவர் கையில் நிற்காது. ஒருநாள் திரும்பி வரும்போது வழக்கமில்லாமல் மெதுவாக ஓட்டினார். "பார்த்து முப்பத்தஞ்சு வருஷம் ஆவுது. நெசமாப் பார்த்தனா, இல்ல கல்யாணச் சாப்பாட்டு மயக்கமான்னு எனக்கே இப்பல்லாம் சந்தேகம் வருது தம்பி" என்றார். பிசிக்ஸில் அதற்குப் பாடம் இல்லை.

அதற்கு மறுவாரம் அவர் கனகசெட்டிக்குளத்துக்கு 'டெலிவரி' என்றதும், அண்ணி புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வரேன். அந்தூர்ல காத்து வருதா, வேற யாராவது வராளான்னு பார்த்துர்றேன்."

"என் மூஞ்சிக்கு யாருடி வருவா?"

"நான் வந்தேனே."

அண்ணன் டெலிவரி மிக்ஸியை எடுத்து அண்ணி கையில் கொடுத்தார். சொல்தாவையும் கூப்பிட்டார். அவர் மத்தியானத் தூக்கத்தை எந்தக் கடலுக்காகவும் விடுவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார். மொபெட்டில் அண்ணனும், மடியில் மிக்ஸியோடு அண்ணியும், பின்னால் பழைய ஸ்கூட்டியில் நானுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

கடலுக்கு மேல் வானம் எண்ணெய்ச் சட்டி போலக் கறுத்திருந்தது. அண்ணன் மணலில் காலை ஊன்றி நின்று கிழக்கே பார்த்தார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "மிக்ஸி அண்ணே! நீங்களா?"

அண்ணியின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிற அக்கா அவர். அவர் வீட்டு மிக்ஸி மீன் கூடையிலேயே கடைக்கு வந்து போகும். கடையில் அதை மூக்கால் அடையாளம் கண்டுபிடிப்போம். இரண்டு நாளாக அது ஓடவில்லையாம். கரையை ஒட்டித்தான் வீடு, ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்றார்.

மிக்ஸி அண்ணனின் வாழ்க்கையில் இரண்டு பலவீனங்கள். ஒன்று சுழல் காற்று. மற்றது, ஓடாத மிக்ஸி இருக்கிற வீட்டை அவரால் தாண்டிப் போக முடியாது. சாவு வீட்டுக்குப் போன இடத்தில் சமையற்கட்டுக்குள் நுழைந்து மிக்ஸியைக் கழற்றியவர். வானத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "மோட்டார்ல கார்பன் பிரஷ்தான் தேஞ்சிருக்கும், அஞ்சே நிமிஷம்" என்றார். உள்ளே இருட்டாக இருந்ததால் என் போனை டார்ச்சுக்காக வாங்கிக்கொண்டு போனார். அண்ணி வீறாப்பாக உள்ளே போக மறுத்து என்னோடு மணலில் நின்றார்.

மூன்றாவது நிமிடம் ஆடு அசை போடுவதை நிறுத்தியது.

மேகத்தின் அடியிலிருந்து துதிக்கை மாதிரி ஒன்று இறங்கியது. கீழே கடல் வெள்ளையாகக் கொதித்து எழும்பி அதைப் பிடித்துக்கொண்டது. வானத்துக்கும் கடலுக்கும் நடுவே, தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு தூண், சுற்றிக்கொண்டே, இடுப்பை வளைத்துக்கொண்டு தெற்கே நடந்தது. என் கை போனைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது. போன் உள்ளே கார்பன் பிரஷ்ஷுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

"என்னாங்க!" என்று அண்ணி கத்தினார். அண்ணியின் குரல் கடையிலிருந்து மணிக்கூண்டு வரை கேட்கும். ஆனால் அதே நொடியில் உள்ளே அண்ணன் மிக்ஸியை மூன்றில் வைத்து ஓட்டிப் பார்த்தார். அந்தக் குரல் முதன்முறையாகத் தோற்றது அன்றுதான்.

உள்ளே ஓடப் பார்த்தேன். அண்ணி பயத்தில் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டு பட்டனை அவரிடமே விட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் மிக்ஸியின் அடிப்பாகத்தில் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். நான் தோளை உலுக்கியதும், கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம்.

இழுத்துக்கொண்டு வந்தபோது கடல் ஒன்றும் தெரியாதது போல அலையடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றது? என் நோட்டில் நாலு நிமிடம் என்று இருக்கிறது. அண்ணி கணக்கில் அரை மணி.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். மீன்கார அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுவா? மழக்காலத்துல எப்பவாச்சும் வரும். எங்க ஆளுங்க படக ஒதுக்கிக்கிட்டு வந்துருவாங்க. இதப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார்.

"இத்தன வருஷமா என் கடைக்கு வரியே, சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

முத்தியால்பேட்டையில் எல்லோரும் சொல்தாவைக் கேட்டோம். பிசிக்ஸ் படித்த என்னைக் கேட்டார்கள். கடலிலேயே இருக்கிறவர்களை ஒருத்தரும் கேட்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் சாட்சி கூடையோடு வந்து, சங்கரா மீன் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

அண்ணன் கடலையே பார்த்தார். அழப் போகிறாரோ என்று நினைத்தேன். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, பரீட்சை ரிசல்ட் கேட்கிறவர் போலக் கேட்டார்.

"எத்தனையில சுத்துச்சு?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணுல. நடுவுல ஒரு வாட்டி விப்பருக்குப் போயி வந்துச்சுங்க."

கடையில் அந்தக் கணக்கைப் பேசினாலே காதைப் பொத்திக்கொள்கிற அண்ணி அவர். அண்ணன் அப்படியே மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அண்ணியும் சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு இல்லை இது. நானும் பட்டன் இல்லாத சட்டையோடு சிரித்தேன். ஆடு மறுபடி அசை போட்டது.

சாயங்காலம் அண்ணி நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். போட்டோ இருக்கிறதா என்று சொல்தா கேட்டார். கண் இருக்கிறது என்று அண்ணி சொன்னார். அவர் பழையபடி டேங்க்கு, மோட்டார் என்று ஆரம்பித்ததும் அண்ணி குறுக்கே புகுந்தார்: "அந்த மோட்டாரு அடுத்த தடவ மக்கர் பண்ணுச்சுன்னா எங்க கடப் பக்கம் வராதீங்க மிசே." இரண்டே நாளில், ஆப்பிரிக்காவில் ஒரு ஏரியில் தானும் அப்படி ஒன்றைப் பார்த்திருப்பதாக சொல்தாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இப்போது மேகம் கறுத்தால் கடையை இழுத்து மூடுவது அண்ணிதான். அண்ணன் பின்னால் உட்கார்ந்து வருகிறார், டெலிவரி மிக்ஸி இல்லாமல். அவர் இன்னும் இரண்டாவது தூணைப் பார்க்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

நோட்டில் ஆபத்துப் பக்கம் பதினோரு தாள். ஆதாயத்தில் இப்போது இரண்டு வரி; இரண்டாவது, 'அண்ணியும் பார்த்தார்.' மொத்தச் செலவு எவ்வளவு என்று போன வாரம் அண்ணியிடம் கேட்டேன். நசுங்கிய போனையும் என் சட்டை பட்டனையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியாக ஆன செலவு ஒன்றுதான் என்றார்: பெண்கள் சைஸில் ஒரு மழைக்கோட்டு, அறுநூற்று ஐம்பது ரூபாய். அதில் பாதியை நான் போட்டேன்.