கியர் ராடு யார் பக்கம்

என்றும் என் மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு நீங்களும், அக்காவும், உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கார் விஷயமாக எனக்கும் உங்கள் தங்கைக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்கு போனில் நீங்கள்தான் சாட்சி. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேட்டுத் தெருவில் ஏறி மகள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அதன்மேல் கண் வைத்திருக்கும் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட வேண்டும். நடந்ததைச் சாட்சிக்குத் தெரிவிப்பது என் கடமை. முடிவில் ஒரு முறையீடும் இருக்கிறது.

கோளாறு இன்ஜினில் இல்லை மச்சான், கியர் பாக்ஸில். ஏற்றத்தில் இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும், கார் பின்னால் உருளும், உங்கள் தங்கை கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விடுவாள். அந்தக் கியர் பாக்ஸுக்கு இனி உதிரி பாகம் கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அவருக்கு இங்கே 'நாளைக்கு' என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அலைந்து திரிந்ததில், பழைய இரும்புக் கடையில் டாக்ஸியிலிருந்து கழற்றிய, ஐந்து கியர் உள்ள பாக்ஸ் கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் கியர் ராடு முன்னால் முளைத்திருந்தது, மற்றதில் பின்னால். எது சரிவரும் என்று அளந்து சொல்லச் சொன்னார் நம் 'நாளைக்கு'. முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? காரின் இருக்கைகளைக் கழற்றியிருந்தார்கள், ஸ்டியரிங்கையும் கழற்றியிருந்தார்கள். நான் சமையலறை முக்காலியை உள்ளே போட்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து உட்கார்ந்து, ஒரு கையை வசதியாக இறக்கி, விரல் பட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். பின்னால் முளைத்ததே சரி என்று தீர்ப்பும் சொன்னேன். ஜன்னலில் நின்று பார்த்த உங்கள் தங்கை, "தட்டை எடுத்துட்டு வாங்க, அதுல சாப்பிடணும்" என்றதோடு சரி.

அந்தக் கியர் பாக்ஸ் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் குடியிருந்தது, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், எடை பார்க்கிறேன் என்று நான் அதைக் குளியலறை எடை மெஷினில் தூக்கி வைத்ததில் மெஷினின் முள் ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே நின்றுவிட்டது, திரைச்சீலையில் எண்ணெய், செருப்பில் எண்ணெய், உங்கள் தங்கையின் முகத்தில் மட்டும் எள்ளும் கொள்ளும். இதற்கிடையில் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நீளம் என்று லேத்துக்காரர் வெட்டினார், பிறகு குட்டை என்று ஒட்டினார். எப்படியோ சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் பொருந்தி, கடைசியாக இருக்கைகளை மாட்டினார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. நான் குள்ளம். பெடலுக்குக் கால் எட்ட என் இருக்கையை முழுக்க முன்னால் தள்ள வேண்டும். முக்காலியை யார் முன்னால் தள்ளினார்கள்? கியர் ராடு என் முழங்கைக்குப் பின்னால், முதுகு சொறிகிற இடத்தில் நின்றது. எப்போதும் பக்கத்து இருக்கையைப் பின்னால் தள்ளி உட்காரும் உங்கள் தங்கைக்கோ, அளவெடுத்துத் தைத்தது போல் கைக்கு நேராக நின்றது. நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். "நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்" என்றார். நாளைக்குத்தான் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

தோற்றால் பல் டாக்டர். காலையில் அவள் சாட்சி சொல்ல மட்டும் வருவதாகக் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். முதல் கியரை எப்படியோ உடம்பைத் திருகிப் போட்டுவிட்டேன். இரண்டாவதுக்குக் கை பின்னால் போனால் ஸ்டியரிங் கைவிட்டுப் போகிறது. தெரு முழுக்க முதல் கியரிலேயே கார் அலறிக்கொண்டு போனது. எதிர்வீட்டுக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்து பார்த்தார்.

"ஏங்க, இது இப்படியே கத்திக்கிட்டேதான் வருமா?"

"கை எட்டலை."

"தள்ளணுமா, இழுக்கணுமா?"

"இழுக்கணும். ஆனா நான் கிளட்ச்சை அமுக்கினதும்தான்..."

"அமுக்குங்க."

அவள் கை பட்டதும் சத்தமே இல்லாமல் இரண்டாவது கியர் விழுந்தது மச்சான். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதையும் கையையும் வைத்துப் பிழைத்தவள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். முதலில் நான் கியர் எண்ணைச் சொன்னேன், அவள் போட்டாள். கடைத்தெரு தாண்டும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, நான் சொல்வதற்கு முன்பே "கிளட்ச்" என்று அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மேட்டுத் தெருவின் செங்குத்தான வளைவில் தண்ணீர் லாரி ஒன்று திடீரென்று நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "மூணு!" என்று கத்தினேன். "மூணாவது மண்ணாவது, கிளட்ச்சை அமுக்குங்க!" என்று அவள் முதல் கியரைத் தள்ளினாள். கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் லாரியைச் சுற்றி ஏறி, மகள் வீட்டு வாசலில் போய் நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒளிப்பானேன். முன்னேற்பாடாக அங்கே வந்து காத்திருந்த பல் டாக்டர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டற வண்டியை நான் ஒருத்தன் வாங்கி என்ன பண்றது?" என்று போய்விட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? இரண்டு வாரமாக நாலு மணி அடித்தால் உங்கள் தங்கை ஷூ போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நிற்கிறாள். ஏரியைச் சுற்றிப் போகிறோம், வழியெல்லாம் பேச்சு. ஓய்வு பெற்ற பிறகு ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு டிவி பார்த்தவர்கள் நாங்கள். அது கிடக்கட்டும். எதிர்வீட்டுக்காரரிடம், "நான்தான் ஓட்டறேன், இவர் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குவார்" என்றாளாம். சொந்தக் காரில் நான் வெறும் கிளட்ச் அமுக்கும் கால், மச்சான்! முடி வெட்டிக்கொள்ளக்கூட என்னால் தனியாகப் போக முடியவில்லை. ஆகவே என் பக்கம் வளைந்த ராடு ஒன்று செய்யச் சொல்லி லேத்துக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். "ராடைத் தொட்டீங்க, அடுத்த நிமிஷம் பல் டாக்டருக்கு போன் போட்டுருவேன்" என்கிறாள். சாட்சி என்ற முறையில் நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, கார் என்னுடையது, ராடும் என்னுடையது என்று தங்கைக்கு எடுத்துச் சொல்லித் தீர்த்துவைக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் எல்லா மேடும் ஏறி நன்றாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
முறையீட்டுடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லேத்துக்காரர் வளைந்த ராடோடு வந்துவிட்டார். உங்கள் தங்கை பக்கத்து வீட்டில் இருந்தாள். மாட்டிப் பார்த்தோம், மயிரிழை பிசகாமல் என் கைக்கு வந்தது. தனியாக ஏரி வரை ஓட்டினேன். எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. "மூணு" என்று பழக்கதோஷத்தில் வாய்விட்டுச் சொன்னேன். பதிலுக்கு யாரும் அதட்டவில்லை. ஏரியைச் சுற்றாமலே திரும்பி வந்து, கழற்றிப் பழைய ராடையே மாட்டச் சொல்லிவிட்டேன். "சரியாத்தானே சார் இருக்கு?" என்றார் லேத்துக்காரர். "அளவு தப்பு" என்று அனுப்பிவைத்தேன். ஆகவே முறையீட்டை வாபஸ் வாங்குகிறேன். ராடு பற்றித் தங்கையிடம் மூச்சு விட வேண்டாம். அவசியம் வந்துதான் ஆக வேண்டும் என்றால் பஸ்ஸில் வாருங்கள். காரில் இரண்டு பேருக்குத்தான் இடம்.