ஒரு வார்த்தைக்கு இன்னும் ஒரு மாதம்

அகராதி அலுவலகத்தில் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் செல்ல மகளுக்கு, அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியம் நேற்று ஏழரை மணிக்குப் போனிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடிதம் என்றால் கேட்கத்தான் வேண்டும். சௌக்கியமா?

நேற்று நீ, "அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள 'செட்' வரலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, அதற்குத் தமிழில் அர்த்தம் எழுத மூன்று மாதமா என்று உனக்குக் கோபம். நியாயம்தான். ஆனால் இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் போல்ட்டு, நட்டு பரிசோதித்தவன் நான். கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் பாஸ் பண்ணியதில்லை. நீ கொடுத்த தடிப் புத்தகத்தில் இருக்கிறதே என்று அப்படியே எழுத எனக்கு மனசு வருமா?

அதனால் முதலில் எதிர்வீட்டில் தளம் போடும் கொத்தனாரிடம் போய், சிமெண்ட் செட் ஆகிவிட்டதா என்று விரலை வைத்துப் பார்த்தேன், ஆகவில்லை, அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பூசினார், செட் ஆவதைப் பார்க்காமல் போவதில்லை என்று நான் கவிழ்த்த வாளிமேல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பல்செட் பற்றி விசாரிக்கப் போனால், பல் டாக்டரம்மா பதில் சொல்வதற்கு முன்பே வாயைத் திறக்கச் சொன்னார், அர்த்தத்தோடு திரும்பினேன், கடைவாய்ப் பல் அங்கேயே தங்கிவிட்டது. முடி செட் பண்ணுவது எப்படி என்று அழகு நிலையத்தில் கேட்டதுதான் பெரிய தப்பு. பேசி முடிக்கிறதுக்குள்ள தலை பூரா கிளிப்பு, இருக்கிற நாற்பது முடியும் சுருட்டை. வீட்டுக்கு வந்தா உங்கம்மா கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?"னு கேட்டா. அப்புறம் ரெண்டு நாள் சிரிச்சா.

இதற்கு நடுவே வேர் தேடும் வேலை வேறு. வினைச்சொல்லுக்கு மூலம் பழைய ஆங்கிலத்தில் 'உட்கார வைப்பது' என்கிறது புத்தகம். கூட்டம், ஜமா என்ற பொருளில் வரும் செட் வேறு குடும்பமாம், லத்தீனில் கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்ததாம், அதற்கு அடி 'பின்னால் போவது'. ரிட்டையர் ஆனதும் என்னை எல்லாரும் உட்காரத்தான் வைத்தார்கள். நீ ஒருத்திதான் ஒரு வார்த்தையைக் கொடுத்து அதன் பின்னால் ஓட விட்டாய். அதுல எனக்கு எத்தனை சந்தோஷம்னு போன்ல சொல்ல வரமாட்டேங்குது.

இன்னும் டென்னிஸ் செட், டீ செட், நாடக செட் எல்லாம் பாக்கி. ஆகவே ஒரே ஒரு மாதம் கொடு. வேறு ஆளிடம் மட்டும் கொடுத்துவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நேரத்தோடு தூங்கு, நூறு வயசு நல்லா இரு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அம்மா எழுதுறேன்டி. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். அவருக்கு ஒரு மாசமும் வேணாம். 'செட்' போன மாசமே முடிஞ்சிடுச்சு. அழகா எழுதி, தையல் மெஷின் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தார், இந்தக் கவர்லயே வெச்சு அனுப்புறேன். தினம் ஏழரைக்கு நீ "முடிஞ்சுதாப்பா?"ன்னு கேக்குறியே, அதுக்கு இவர் ஏழு மணிக்கே சட்டையை மாத்திக்கிட்டு போன் பக்கத்துல உட்கார்ந்துடுறார். முடிஞ்சிடுச்சுன்னு சொன்னா போன் வராதுன்னு பயம். வேற பெரிய வார்த்தையா ஒண்ணு குடு. இல்லைன்னா வார்த்தையே வேணாம், சும்மா கூப்பிடு.