டூ வாத்தியாரின் நாற்பது ஜோடிகள்

திருச்சி ஜில்லாவில் யார் யாருக்கிடையே பேச்சுவார்த்தை இல்லை என்ற விவரம் முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அரங்கநாதர். படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், வெளியே விட மாட்டார். இன்னொருவர் எங்கள் மாடியில் குடியிருந்த டூ வாத்தியார். அவரும் வெளியே விட மாட்டார், நோட்டில் எழுதிக்கொள்வார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் குடியிருந்துகொண்டு, டவுன் பஸ்ஸில் திருச்சிக்கு ஆபீஸ் போய் வந்தேன். வாத்தியார் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் நடத்தினார். டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம், மனஸ்தாபத்தால் பேச்சு நின்றுபோன உறவினர்களின் மனநிலை. குழந்தைகள் ஒரு சாயங்காலம் 'டூ' விடுவதைத்தான் பெரியவர்கள் வருஷக்கணக்கில் செய்கிறார்கள் என்று ஒருநாள் சொல்லப்போக, வீதி அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

பேசாத ஜோடிகள் நாற்பதைத் தேடிப் பிடித்திருந்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். நடுவில் ஆராய்ச்சிக்காரர் சமாதானமும் செய்யக் கூடாது, கோள் மூட்டவும் கூடாது. எல்லாம் மெட்ராஸ் புரொபசரின் உத்தரவு.

ஜோடிகளை வகைவகையாகப் பிரித்து வைத்திருந்தார். "யாரோ பாலை அடுப்புல வச்சிட்டு மறந்துட்டாங்க" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொல்ல, மருமகள் ஓடிப்போய் இறக்கினால் அது சுவர் வகை. குழந்தையை நடுவில் நிறுத்திச் சேதி சொல்லி அனுப்பினால் தபால் வகை. வெறும் கனைப்பு மட்டுமே என்றால் முற்றிய வகை. முற்றிய வகை கிடைத்த அன்று வாத்தியார் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவார்.

வினை அவருடைய ஏழாவது கேள்வியில் இருந்தது. கடைசியாக அவர் உங்களிடம் பேசிய வார்த்தை என்ன? கேட்டவுடன் எல்லோரும் பட்டென்று ஒரு பதில் சொல்லிவிடுவார்கள். வாத்தியாரின் சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகுதான் சந்தேகம் வரும். பெரிய கடைவீதியில் எதிரெதிரே கடை வைத்திருந்த இரண்டு ராவுத்தர்கள், சம்பந்திகள், ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஒருவருக்கு அந்தக் கடைசி வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. பொறுக்கமாட்டாமல் தெருவைத் தாண்டிப் போய், அன்றைக்கு நீங்கள் என்னதான் சொன்னீர்கள் என்று சம்பந்தியிடமே கேட்டுவிட்டார். அதில் ஒரு தகராறு. தகராறுக்கு நடுவில் மூன்று டீ. ஜோடி போயிற்று.

இப்படி மாதத்துக்கு இரண்டு மூன்று ஜோடிகள் கழன்றன. வாத்தியார் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு வந்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும். "சேர்ந்துட்டாங்க" என்பார், துக்கம் சொல்கிற குரலில். "அடடா, எப்போங்க?" என்று என் மனைவி விசாரிப்பாள். உறையூர் ஜோடி, பதினோரு வருஷம், நல்ல அழுத்தமான கோபம் என்று அவர் சொல்லச் சொல்ல, அவளும் உச்சுக்கொட்டுவாள்.

அந்த நாற்பதில் நானும் என் அண்ணனும் ஒரு ஜோடி. அண்ணன் பொன்மலை ஒர்க்ஷாப்பில் பிட்டர். தங்கை கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் மேலேயும் மூத்தவரான அவர் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டது. புரூஃப் பார்த்தவன் நான். கல்யாணச் சத்திரத்திலேயே வெடித்து, அதோடு நாலு வருஷம் ஓடிவிட்டது. வாத்தியார் அண்ணனிடம் கேள்வி கேட்டுவிட்டு வந்த அன்று, என்ன சொன்னார் என்று ஜாடையாக விசாரித்தேன். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறிவிட்டார். ஏழாவது கேள்விக்கு நான் மட்டும் கம்பீரமாகப் பதில் சொல்லியிருந்தேன்: 'இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்' என்றார் அண்ணன், அதுதான் கடைசி.

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கையில் மிஞ்சியது பத்தே ஜோடி. அதில் ஒன்று குறைந்தாலும் ஆராய்ச்சியை ஏற்க முடியாது என்று மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்தில் பாதி சவரம். வாசப்படிப் பேச்சு கடைசியே இல்லை. அதற்கும் பிறகு, பந்தி ஓய்ந்த நேரத்தில் அண்ணன் என்னிடம் வந்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இதைப் போய் மறந்தேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பொன்மலைக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணன்தான் கதவைத் திறந்தார். என் பாதி சவர முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியாடா?" என்றார்.

"இல்லண்ணே."

அவ்வளவுதான் சமாதானம். அண்ணி ரசம் ஊற்றும்போது, அப்படியானால் அந்த வாத்தியார் கதி என்னவென்று கேட்டார். எங்கள் இருவர் கையும் இலையில் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம் பேசாத மாதிரி இருந்துடுவோம். நாலு வருஷம் நிஜமாவே இருந்தவங்களுக்கு இது ஒரு கஷ்டமா?"

கஷ்டமாகத்தான் இருந்தது. நான் வாத்தியாரோடு நிற்கும்போது அண்ணன் எதிர்ப்பட்டால், நான் மலைக்கோட்டையைப் பார்ப்பேன், அவர் செருப்பைப் பார்ப்பார். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

மறு கேள்வி நாள் வந்தது. காலையில் பொன்மலையில் அண்ணன், சாயங்காலம் வீட்டில் நான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஆறு கேள்விகளைத் தாண்டினேன். ஏழாவதற்கு வாய் தன்பாட்டுக்கு, "சாப்பிட்டியாடான்னு கேட்டார்" என்றது. வாத்தியாரின் பென்சில் நின்றது.

"காலையில உங்க அண்ணனும் இதையேதான் சொன்னார்" என்றார் மெதுவாக. "நாப்பது ஜோடியில ஒரு ஜோடிக்குக்கூட கடைசி வார்த்தை ஒத்துப்போனதில்லை சார். திரும்பப் பேச ஆரம்பிச்சவங்களுக்குத்தான் கதை ஒண்ணா இருக்கும்."

அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மெட்ராஸில் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியுதே சார்."

ஸ்கேல் வைத்து, சிவப்புப் பென்சிலால் எங்கள் ஜோடியை அடித்தார். பட்டமும் அந்தக் கோட்டோடு போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் பத்து நாள் அவர் எங்களோடு பேசவில்லை. சேர்ந்ததற்காக இல்லை, பொய் சொன்னதற்காக. படியிறங்கும்போது சுவரைப் பார்த்து, யாரோ மாடிப்படி விளக்கை அணைக்கவில்லை என்பார். சுவர் வகைதான், இன்னும் முற்றவில்லை என்று மனைவி எனக்கு ஆறுதல் சொன்னாள். பதினோராம் நாள் அண்ணன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். வாத்தியார் சைக்கிள் சாவியோடு எங்களைக் கடக்கையில் அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"வாத்தியாரே, சாப்பிட்டீங்களா?"

வாத்தியார் சுவரைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க இருவரும் சேர்ந்தே போனோம். எங்கள் இருவர் பெயருக்கும் மேலே வாத்தியார் பெயரைப் போட்டு, அதற்கு முன்னால் டாக்டர் என்று சேர்க்கச் சொன்னார் அண்ணன். எந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்று அச்சகத்தார் கேட்டார். எங்கள் வீட்டு டாக்டர் என்றேன்.

முதல் பத்திரிகையை வாத்தியாரிடம் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இது பொய் என்று சொல்லி, அந்த ஒரு வார்த்தையை ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, பத்திரிகையை நோட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். மொத்தம் ஐந்நூறு அடித்திருந்தோம். மிச்ச நானூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும் அவர் டாக்டராகவே இருந்தார்.