மூத்த மாப்பிள்ளையின் கேம் பெட்டியில் படம் தெரியாத விவகாரம்

காசிமேடு,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மாமா சுப்புராயன் அவர்களுக்கு மூத்த மருமகன் பொன்னுரங்கம் பணிந்து எழுதுவது. இங்கே எழில்மொழியும் பிள்ளைகளும் சுகம். மீஞ்சூரில் தாங்களும் அத்தையும் முழங்கால் வலி இல்லாமல் நடமாட வடிவுடையம்மன் துணையிருப்பாளாக. போனில் சொல்லாமல் கடிதம் போடுவதற்குக் காரணம், தாங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். அத்தை காதில் விழுந்தால் மாத்தூரில் இருக்கும் சின்ன மகள் காதில் விழுந்த மாதிரி.

வருகிற ஞாயிறு தங்கள் எழுபதாவது பிறந்தநாள். "அந்தப் பீரங்கி கேமை இன்னொரு தபா ஆடிப் பாக்கணும்பா" என்று ஆசைப்பட்டீர்கள். தலைதீபாவளிக்கு மோதிரம் வேண்டாம், டிவியில் ஆடுகிற கேம் பெட்டிதான் வேண்டும் என்று தங்களிடம் கேட்டு வாங்கிய முதல் மாப்பிள்ளை நான். சகலை வரதன் பிற்பாடு என்னைப் பார்த்துத்தான் அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டார். அப்படியிருக்க, ஞாயிறன்று தங்கள் புது டிவியில் மாட்டவேண்டியது யாருடைய பெட்டி? நியாயத்தைத் தாங்களே சொல்லுங்கள். ஆனால் வரதன் என்ன செய்தார்? தன் பெட்டியைப் பிரித்து, ஆன்டெனா ஒயருக்குப் பதிலாக மஞ்சள் பின்னும் வெள்ளை பின்னும் செருகுகிற மாதிரி மாற்றி, படம் பளிச்சென்று தெரிவதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அதற்குத் தாங்கள் ஒரு முழு வரிசை கைதட்டல் போட்டீர்கள். என் மகள் நர்சிங் பாஸானதற்கு ஒற்றைக் கும்பிடுதான் வந்தது. வயிறு எரிந்தது மாமா, மறைப்பானேன்.

உடனே என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினேன். பழைய டிவியாக இருந்தால் புள்ளி புள்ளியாகவாவது ஏதாவது தெரியும், எங்கள் வீட்டுப் புது டிவியோ சிக்னல் இல்லை என்று நீலமாக நிற்கிறது. திறந்து பார்க்கலாம் என்றால் ஸ்க்ரூ எல்லாம் துரு. கடலுக்கு எதிரே குடியிருப்பவன் பெட்டி வேறு எப்படி இருக்கும்? வரதனுக்கு மாத்தூரில் உப்புக்காற்றா ஒன்றா? மணலிப் பக்கத்து ஃபேக்டரிப் புகையில் மூக்குதான் கெடும், ஸ்க்ரூ கெடாது. கொடுத்து வைத்தவர். குறடு போட்டுத் திருகியதில் ஆன்டெனா செருகும் தகர டப்பாவே கையோடு வந்துவிட்டது. போனால் போகிறது என்று வரதன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானே ஒயர்களைப் பற்றவைத்தேன். படம் வந்தது மாமா! ஆனால் கேமில் பாட்டு வரும்போதெல்லாம் படமும் சேர்ந்து குதித்தது. "இன்னாங்க, டிவிக்கு சாமி வந்துகினு கீதா?" என்றாள் எழில்மொழி. சத்தத்தின் ஒயர் படத்தின் ஒயரில் உரசியிருக்கிறது. அதைப் பிரித்து மறுபடி நன்றாகச் சூடு காட்டி ஒட்டினேன். குதிப்பது நின்றது, படம் அமாவாசையாக இருண்டுபோனது, பாட்டு மட்டும் கேட்டது. என் கண்ணாடியைத் துடைத்தேன், டிவியைத் துடைத்தேன். கீழ்வீட்டு பெனிட்டோ எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, புது ரேடியோவா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதைக்கூடப் பொறுத்தேன். எழில்மொழி சொன்னதுதான் பொறுக்கவில்லை: "எதுக்கு இந்தப் பேஜாரு? தங்கச்சி வூட்டுக்காரர கூப்டா சட்டுனு பண்ணிக் குடுப்பாரு. அவருது ராசியான கை." ஹார்பரில் முப்பது வருஷமாக கிரேன் ரிப்பேர் பார்க்கிற கை மாமா இது. இதற்கு ராசி இல்லையாம்.

ஆகவே, ஞாயிறன்று பெட்டி கொண்டுவர வேண்டாம் என்று வரதனிடம் தாங்களே சொல்லிவிட வேண்டும். காரணம் கேட்டால் மீஞ்சூரில் அன்றைக்குக் கரண்ட் இருக்காது என்று சொல்லுங்கள். என் பெட்டியில் படம் இருட்டாகத்தான் வரும், ஆனாலும் மூத்த மாப்பிள்ளை பெட்டியில் தடவித் தடவி ஆடுவதும் ஒரு மரியாதைதானே? தாங்களும் அவரும் தோளோடு தோள் உட்கார்ந்து பீரங்கி ஓட்ட, நான் பாயச வாளியோடு நிற்பது நடக்காத காரியம்.

தாங்கள் நூறாண்டு இருந்து எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்க வேண்டும். அத்தைக்கு என் வணக்கத்தை மட்டும் சொல்லவும், கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

தங்கள் மூத்த மருமகன்,
மீண்டும் சொல்கிறேன், மூத்த மருமகன்,
பொன்னுரங்கம்.

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் வரதன் வந்துவிட்டார். எழில்மொழி வேலைதான். என் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "ஒயரு கரீட்டாத்தாண்ணே போட்டுக்கீற. சூட்டுல படம் காட்ற சிப்பு பூட்ச்சி. அது இப்ப எந்தக் கடையிலயும் கெடைக்காது" என்றார். பிறகு, ஒத்துப் பார்க்க வண்டியில் கொண்டுவந்திருந்த தன் பெட்டியை எடுத்துவந்து, அதன் சிப்பைக் கழற்றி என்னுடையதில் வைத்துவிட்டார். என் பெட்டியில் படம் இப்போது பளிச்சென்று தெரிகிறது, அவருடையது வெறும் கூடு. நான் கேட்டபடியே ஞாயிறன்று என் பெட்டிதான். ஆனால் மாமா, விஷயம் தெரிந்தால் வெறுங்கையோடு வருகிற அவரைத்தான் எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுவீர்கள். "மாமாகிட்ட சொல்லாதண்ணே, நீயே ரெடி பண்ணதா இருக்கட்டும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் நானே சொல்லிவிட்டேன். தாங்கள் அவரைப் புகழும்போது, இதை முதலில் சொன்னது மூத்த மாப்பிள்ளைதான் என்பதையும் எல்லார் முன்னாலும் சொல்லவும்.